44, 53, 40: இந்த எண்களை வைத்து நான் என்ன செய்வது?

டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ஒட்டும் ஹைப்ரிட் ரப்பர் (மேல்தாள் சீன ரப்பர் போல ஒட்டும், அடியில் துள்ளும் ஸ்பாஞ்ச்) ஒன்று வாங்கலாம் என்று உட்கார்ந்தால் தலைவலிதான் மிச்சம். ஜப்பானின் பட்டர்ஃபிளை டிக்னிக்ஸ் 09சி-யின் ஸ்பாஞ்ச், அதாவது மேல்தாளுக்கு அடியில் இருக்கும் நுரை அடுக்கு, அதன் கடினம் 44. ஜெர்மனியின் திபார் ஹைப்ரிட் கே3-க்கு 53. வழக்கமான சீன ஒட்டும் ரப்பரான டிஎச்எஸ் ஹரிக்கேன் 3-இல் 39, 40, 41 என்று போட்டிருக்கும். முதல்முறை பார்க்கிறவர் என்ன நினைப்பார்? 40 மென்மை, 53 கல் மாதிரி என்றுதானே? கையில் எடுத்தால் கதையே வேறு. 40 போட்ட ஹரிக்கேன்தான் மூன்றிலும் கடினமானது. 44-க்கும் 53-க்கும் விரலால் அழுத்திப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஜப்பானியர் அளக்கும் முறை ஒன்று, ஜெர்மன் ஆலைகளின் முறை ஒன்று, சீனர்களுடையது இன்னொன்று. சரி, ஆளுக்கொரு முறை இருக்கட்டும். எந்த முறையில் அளந்தோம் என்று உறையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? பந்து 2.7 கிராம், வலை 15.25 செ.மீ., ரப்பர் பசையோடு சேர்த்து 4 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்று அணு அணுவாக விதி எழுதியிருக்கும் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் (ஐடிடிஎஃப்), ஸ்பாஞ்ச் கடினத்துக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று மட்டும் கேட்பதே இல்லை. வேகம், சுழற்சி, கண்ட்ரோல் என்று உறையில் போடும் மதிப்பெண்களும் அப்படித்தான். ஒவ்வொரு நிறுவனமும் தன் சரக்கைத் தன் சரக்கோடு ஒப்பிட்டுப் போடும் மார்க் அது. இரண்டு நிறுவனங்களின் மார்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பயனும் இல்லை.

இந்த ரப்பர்கள் வந்த காரணம் நியாயமானதுதான். சீன ரப்பரின் ஒட்டும் மேல்தாளில் சர்வீஸும், பந்தை மெல்லத் தள்ளிவிடும் புஷ்ஷும் அற்புதமாக வரும், ஆனால் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் உயிரில்லாமல் கிடக்கும். அதை உசுப்ப பூஸ்டர் எண்ணெய் தடவுவார்கள், அது விதிப்படி கூடாது. அப்போ மேல்தாளை ஒட்டுகிற மாதிரி வைத்து, அடியில் ஜெர்மன் அல்லது ஜப்பான் பாணித் துள்ளும் ஸ்பாஞ்சைக் கொடுப்போம் என்று கிளம்பினார்கள். நல்ல யோசனை. ஆனால் இப்போது லேசாகப் பிசுபிசுப்பதும் ஹைப்ரிட், பந்தை ஒட்டித் தூக்குவதும் ஹைப்ரிட். ஒன்று சீன ரப்பர் போலவே நடந்துகொள்ளும், இன்னொன்றில் ஒட்டும் தன்மை பேருக்குத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர்!

அந்தப் பந்து தூக்கும் வித்தையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. புது ரப்பரின் பிளாஸ்டிக் தாளை உரித்து, பந்தை அழுத்தி, பேட்டைத் தலைகீழாகப் பிடித்து, "பாருங்கள், விழவில்லை" என்கிறார்கள். ஆட்டத்தில் பந்து ரப்பரில் இருப்பது கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு. அந்த நேரத்துக்குள் பந்து ஸ்பாஞ்சுக்குள் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இறங்க வேண்டுமானால் கை வேகமாக வர வேண்டும். பின்பக்கமாகச் சுழன்று (பேக்ஸ்பின்) வரும் பந்தை முழு வீச்சில் லூப் செய்தால், அதாவது கீழிருந்து மேலாக உரசி இழுத்தால், ஹைப்ரிட் சும்மா பிடித்துத் தூக்கிவிடும், வளைந்து போய் மேசையில் விழும். அதே பந்துக்குக் கால் போய்ச் சேரத் தாமதமாகி அரை வீச்சில் தொட்டால், பந்து மேலோட்டமாக வழுக்கி நேரே வலைக்குள் போகும். கையை நீட்டிச் சும்மா பிளாக் செய்தாலும் பந்தில் நீளம் இருக்காது.

வாரத்துக்கு இரண்டு நாள் ஆடுகிறவருக்கு ஒரு ஆட்டத்தில் எத்தனை முழு வீச்சு வரும்? அதை யாராவது கேட்கிறார்களா? நான் விசாரித்த விற்பனையாளர், என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "எல்லாருக்கும் செட் ஆகும் சார்" என்றார். எல்லாருக்கும் எப்படி சார் செட் ஆகும்? தினமும் பல மணி நேரம் பயிற்சி எடுக்கிறவருக்காகச் செய்த ஸ்பாஞ்சை, அலுவலகம் முடிந்து வந்து ஆடுகிறவர் தலையில் கட்டுகிறார்கள். அதே நிறுவனத்தில் ஒரு படி மென்மையான வகை இருந்தாலும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. டிக்னிக்ஸ் 09சி-க்குக் கீழே 42 கடினத்தில் கிளேசர் 09சி இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம் எடை. வெட்டிய பிறகு ஒரு பக்கத்துக்கே 50 கிராமை ஒட்டி வரும் ரப்பர்கள் இவை. இரண்டு பக்கமும் ஒட்டினால் பேட் தலைப்பக்கம் இழுக்கும், மணிக்கட்டைச் சுண்டி அடிக்கும் பேக்ஹேண்ட் ஃபிளிக் தாமதமாகும், மணிக்கட்டு வலிக்கும். ஃபோர்ஹேண்டுக்கு மட்டும் இதைப் போட்டு, மறுபக்கம் இலகுவான ஒன்றைப் போடுங்கள் என்று வாயைத் திறந்து சொன்னால் பாதிப் பேர் பிழைப்பார்கள்.

வெட்டி ஒட்டிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் இது. கடினத்தை எந்த முறையில் அளந்தீர்கள், வெட்டாத தாள் எத்தனை கிராம், எவ்வளவு வேகமாக வீசுகிறவருக்காகச் செய்தீர்கள். இந்த மூன்றையும் உறையின் பின்பக்கத்தில் அச்சடியுங்கள். அங்கே எப்படியும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது.