கை குலுக்கினால்தான் சந்திப்பா?
‘கை குலுக்கியிருந்தால்தான் சந்திப்பு, கூட்டத்தில் நின்று பார்த்ததெல்லாம் கணக்கில் வராது’ என்று பிரபலங்களைச் சந்திப்பது பற்றிய இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2012 அக்டோபரில் அர்ஜென்டினா கால்பந்து வீரர் மாரடோனா ஒரு நகைக்கடை திறப்புக்காகக் கேரளத்துக் கண்ணூர் வந்தபோது நானும் மாமா மகனும் கோவையிலிருந்து அன்ரிசர்வ்டு பெட்டியில் கதவோரம் உட்கார்ந்தே போனோம். ஜவஹர் ஸ்டேடியத்தில் மேடை எங்கோ இருந்தது, முன்னால் நின்றவர் தோளில் ஒரு பையன் வேறு, அவன் காலை ஆட்டும் இடைவெளியில்தான் பார்த்தேன், குட்டையாய், தொப்பையோடு ஒரு மனுஷன் நம்ம இந்தியக் கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனோடு பந்தைத் தலையால் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். பந்து இறங்கினால் போதும், இடது கால் தானாக முன்னால் வந்தது. ரயில் காசு அதுக்கே சரியாப் போச்சு. 2020 நவம்பரில் அவர் இறந்த செய்தி வந்த ராத்திரி மாமா மகன் போன் பண்ணி ‘நாம பார்த்த ஆளுடா’ என்றான், அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. சரி, மேலே பின்னூட்டத்தில் 1977-ல் ஈடன் கார்டனில் பெலேயைப் பார்த்ததாக எழுதியிருக்கும் பெரியவரே, கொல்கத்தாவின் மோகன் பகான் அணி, பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை 2-2 என்று நிறுத்திய ஆட்டம்தானே அது? மழையில் மைதானம் சேறாகிக் கிடந்ததாமே, அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள் ஐயா.