தங்கத்தை எங்கே வைப்பது?

"1999இல் வந்த விளையாட்டு. அதே டவுன் சென்டர், அதே மூன்று வில்லேஜர், அதே ஒரு ஸ்கவுட். உனக்குச் சலிக்கவே சலிக்காதா?" என்று நண்பன் கேட்டான். ஒரு ஊர் மையம் (டவுன் சென்டர்), சில குடியானவர்கள் (வில்லேஜர்), வேவு பார்க்க ஒருவன் (ஸ்கவுட்) என்று தொடங்கி, உணவும் தங்கமும் சேர்த்துப் படை கட்டி எதிரியை வீழ்த்தும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டைத்தான் சொல்கிறான். உண்மையைச் சொன்னால் அதை நான் இப்போது ஆடுவதே குறைவு. வாரத்துக்கு ஒரு ஆட்டம் ஆடினால் அதிகம். மீதி நேரமெல்லாம் ஆட்டம் நடக்கும் களத்தை, அதாவது மேப் செய்துகொண்டிருக்கிறேன்.

பழைய விளையாட்டு என்றாலே "சின்ன வயசு ஞாபகம்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அதுவும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதே வயதில் ராத்தூக்கம் கெட்டு ஆடிய வேறு நாலைந்து விளையாட்டுகளின் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை. இது மட்டும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், முதல் மெனுவிலேயே இருந்த 'மேப் எடிட்டர்' என்ற பொத்தான்தான்.

1997இல் வந்த முதல் பாகத்திலும் எடிட்டர் உண்டு. ஆனால் ட்ரிக்கர் இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. 'இது நடந்தால் அதைச் செய்' என்பதுதான் ட்ரிக்கர். பாலத்தை யாராவது கடந்தால் எதிரிப்படை வரட்டும், பத்து நிமிடம் தாக்குப்பிடித்தால் உதவி வரட்டும், இப்படி. என் முதல் மேப்பில் அந்தப் பத்து நிமிட உதவியைத்தான் வைத்தேன். டைமர் கணக்கு நொடியில் என்பது தெரியாமல் 10 என்று போட்டேன். கூடவே அதைத் திரும்பத் திரும்ப நடக்கவைக்கும் லூப்பையும் அணைக்க மறந்துவிட்டேன். பத்து நொடிக்கு ஒரு குதிரைவீரன் வந்து இறங்கிக்கொண்டே இருந்தான். எதிரே ஆடியவன் முதல் ஆட்டை அடித்து முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் என் மேப் என்றாலே அவன் ஒரு தினுசாகப் பார்ப்பான்.

கையால் வரைவதில் வேறு தொல்லையும் உண்டு. 'டைனி' என்ற சின்ன அளவே 120க்கு 120, அதாவது 14,400 கட்டங்கள். ஒவ்வொரு மரமாக நட்டு, கரையைச் செதுக்கி, மூன்று இரவு உட்கார்ந்து முடித்தால், இரண்டே ஆட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். தங்கம் எங்கே, பன்றி எங்கே என்று தெரிந்துவிட்டால் ஸ்கவுட்டுக்கு என்ன வேலை? இதற்காகத்தான் நான் ரேண்டம் மேப் ஸ்கிரிப்ட் பக்கம் போனேன். அது ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு. நிலம், மேடு, காடு, பொருள்கள் என்று பகுதி பகுதியாக விதிகளை எழுதினால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த விதிப்படி புது மேப் பிறக்கும். 'டவுன் சென்டரிலிருந்து இவ்வளவு கட்டத்துக்குக் குறையாத தூரத்தில் தங்கம் இருக்கட்டும்' என்று மட்டும் நாம் சொல்கிறோம். எந்தத் திசையில் என்பது எழுதிய நமக்கே தெரியாது.

நியாயம் என்றால் என்ன என்று அங்கேதான் யோசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாக வை என்று ஒரு கட்டளை உண்டு. ஒருமுறை அதை எழுத விட்டுவிட்டேன். ஒருவன் வீட்டு வாசலில் இரண்டு தங்கச் சுரங்கம், இன்னொருவனுக்கு ஒரு கட்டிகூட இல்லை. சரி, அப்படியானால் இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தது போல இருந்தால் நியாயமா? செய்து பார்த்தேன். உப்புச்சப்பில்லை. தங்கம் ஒருவனுக்குப் பின்னாலும் இன்னொருவனுக்கு முன்னாலும் விழ வேண்டும். முன்னால் விழுந்தவன் வேலி போடட்டும், திட்டட்டும். அரேபியா என்ற திறந்தவெளி மேப்பை இத்தனை வருடமாக ஆடியும் யாருக்கும் அலுக்காததற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. நாலு பக்கமும் மதில் கட்டிக் கையில் கொடுத்துவிடும் அரீனாவின் ரசிகர்கள் கோபிக்கலாம், பரவாயில்லை.

விளையாட்டை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. அதோடு இதுவும் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2012இல் ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு விரிவாக்கத்தைத் தாங்களே செய்து வெளியிட்டார்கள். மறுவருடமே அது அதிகாரபூர்வ விரிவாக்கமாக வந்தது. 2019இல் வந்த டெஃபினிடிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பிலும் அவர்கள் கை இருக்கிறது. வார்கிராஃப்ட் 3 என்ற இன்னொரு விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த டோட்டா என்ற மேப், பிறகு டோட்டா 2 என்று தனி விளையாட்டாகவே வளர்ந்து நின்றது. இன்றைக்கு வரும் பல விளையாட்டுகள் பாத்திரங்களின் தோற்றத்துக்கும் தொப்பிக்கும் காசு வாங்குகின்றன, எடிட்டரை மட்டும் கண்ணிலேயே காட்டுவதில்லை. எனக்கு எரிச்சல் வரும் இடம் இது.

2022இல் விளையாட்டில் திராவிடர்கள் என்ற புது இனமும், ராஜேந்திர சோழனின் கதையை ஆடும் கேம்பெயினும் வந்தபோது எல்லாரும் சுருள்வாள் வீரர்களைப் பார்த்துக் குதித்தார்கள். நானும்தான். அடுத்த நிமிடமே, இவர்களுக்குக் குதிரைப்படை சுமார்தானே, தண்ணீர் உள்ள மேப் வேண்டுமே என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அப்படித் தொடங்கியதுதான் இப்போது செய்துகொண்டிருக்கும் குளங்கள் மேப். நடுவில் காடு, ஒவ்வொருவர் வீட்டுப் பக்கத்திலும் ஒரு குளம், கரையோரம் மீன்.

திராவிடர்களின் மீனவர்கள் ஒரு நடைக்கு மற்றவர்களைவிட 15 உணவு அதிகமாகச் சுமப்பார்கள். அதனால் இது ஒருதலைப்பட்சமான மேப் என்று அதே நண்பன் சொல்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, மீனைக் கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான். நேற்றைய சோதனை ஆட்டத்தில் புதுப் பிரச்சினை. அவனுடைய காட்டுப்பன்றி குளத்துக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துவிட்டது. பன்றியை அம்பெய்து சீண்டித் துரத்தவிட்டு வீட்டுப் பக்கம் இழுத்து வந்த வில்லேஜர், குளத்தைச் சுற்றி ஓடி வருவதற்குள் செத்துப்போனான். பன்றியின் தூரத்தை 16லிருந்து 14 ஆக்கிப் பார்க்க வேண்டும். அல்லது குளத்தைச் சிறிதாக்க வேண்டும். குளத்தில் கைவைக்க மனசு வரவில்லை.