சலேசியாரும் என் புதுநன்மை வகுப்பும்

எங்கள் பங்கில் புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயார் செய்வது சில வருடங்களாக என் வேலை. போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வகுப்பு. நம்பிக்கை அறிக்கையை ஒவ்வொருவராகச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் பிலாத்து வருகிற வரியில் நின்றுவிட்டான். அவனுக்குக் கொஞ்சம் திக்குவாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "வீட்டில் ஒரு தடவைகூடப் படிக்கவில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

அந்த வாரம் முழுக்கப் புனித பிரான்சிஸ்கு சலேசியார்தான் என் மனசில் இருந்தார். டான் போஸ்கோ தொடங்கிய சபையின் துறவிகள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்ததிலிருந்து 'சலேசிய சபை' என்ற பெயர் நமக்குப் பழக்கம். அந்தப் பெயருக்கு உரியவரை நம்மில் பலர் அவ்வளவாக அறிந்துகொள்ளவில்லை.

அவர் ஜெனீவாவின் ஆயர். ஜெனீவா அப்போது புராட்டஸ்டண்ட் தலைவர் கால்வினைப் பின்பற்றியவர்கள் கையில் இருந்ததால், அன்னசி என்ற ஊரிலிருந்தே மறைமாவட்டத்தைக் கவனித்தார். ஒருமுறை மார்ட்டின் என்கிற ஏழை அவரிடம் வந்தார். காது கேட்காது, பேச்சும் வராது. இப்படிப்பட்டவருக்கு மறைக்கல்வி கொடுக்கவே முடியாது என்று பலரும் நினைத்த காலம் அது. சலேசியாரோ அவருக்காகச் சைகைகளை உண்டாக்கி, தாமே உட்கார்ந்து பொறுமையாகக் கற்றுக்கொடுத்து, நன்மை வாங்க வைத்தார். தம் வீட்டிலேயே தங்கவும் வைத்துக்கொண்டார். ஒரு மறைமாவட்டத்தின் சுமையைத் தலையில் வைத்திருந்த மனிதருக்கு ஓர் ஏழைக்காக இவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வரி முடியும் வரை காத்திருக்க நேரமில்லை.

அவர் பிறவியிலேயே சாது என்று நினைத்துவிட வேண்டாம். சட்டென்று கோபம் வருகிற சுபாவம் அவருக்கு. ஒருவன் கண்டபடி பேசியும் ஏன் பதில் பேசவில்லை என்று கேட்டபோது, இருபத்திரண்டு வருடமாகப் பனித்துளி போலச் சேர்த்த கொஞ்சம் சாந்தத்தைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிடப் பயந்தேன் என்று சொன்னாராம். கோபத்தை விழுங்கி விழுங்கித்தான் அவர் அந்தக் கனிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

நம் பங்குகளில் "கோபக்காரர்தான், ஆனால் நல்ல பக்தி" என்று சிலரைப் பெருமையாகச் சொல்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது. கடுமையை வைராக்கியம் என்று எண்ணிக்கொள்கிறோம். பூசைக்குத் தாமதமாக வந்த பெண்ணை வாசலிலேயே கடிந்துகொள்வதும், பீடச்சிறுவனைக் காதைப் பிடித்துத் திருகுவதும் ஆண்டவருக்கான ஊழியம் ஆகிவிடுமா? "நான் கனிவும் மனத்தாழ்மையும் உடையவன்... என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்றுதானே இயேசு சொன்னார்.

கனிவாக இருந்தால் கொள்கையில் நெகிழ்ந்துவிடுவோம் என்று சிலர் பயப்படுகிறார்கள். சலேசியார் 1594இல், கால்வினைப் பின்பற்றிய மக்கள் வாழ்ந்த ஷப்லே பகுதிக்குப் போனபோது அவர் பேச்சைக் கேட்க ஆளே வரவில்லை. கொலை மிரட்டலும் இருந்தது. சொல்ல வேண்டியதைத் தாள்களில் எழுதி வீடுகளின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார். போதனையில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மக்களை வெறுக்கவும் இல்லை. எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் அவரைப் பாதுகாவலராகத் திருச்சபை 1923இல் அறிவித்தது. முகநூலில் விசுவாசத்துக்காகச் சண்டை போடுகிற நாம் எல்லாரும், நான் உட்பட, ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அவரிடம் வேண்டிக்கொள்ளலாம்.

அப்புறம், தவறி விழுந்தால் தன் நெஞ்சையும் கனிவாகத்தான் திருத்த வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. அது இல்லையென்றால் குற்ற உணர்ச்சியில் வகுப்பையே விட்டிருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார்கள். அவன் கதவுக்குப் பின்னால் நின்றான். "தம்பி, நான் கத்தினது தப்பு. என்னை மன்னிச்சுடு" என்றேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

பிலாத்து வருகிற வரியில் இப்போதும் நிற்கிறான். அவன் சொல்லி முடிக்கும் வரை நாங்கள் எல்லாரும் இருக்கிறோம்.