தேங்காய் அழுகியிருந்தால் பெண் என்ன செய்வாள்?

வெள்ளிக்கிழமை கோயிலில் எங்கள் வீட்டுப் பெண்ணின் நிச்சயத்தின்போது அர்ச்சனைக்குக் கொடுத்த தேங்காய் அழுகியிருந்தது, மாப்பிள்ளை வீட்டார் அதை அவளுடைய ராசியோடு முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். நடந்ததை அன்றிரவே எழுதிவிட்டேன். ஆனால் அதற்குக் கீழே வந்த பதில்களைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "பெரியவர்கள் ஏதோ பதற்றத்தில் சொல்லியிருப்பார்கள், இதைப் போய் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நிச்சயத் தட்டை ஏந்தி நின்ற 24 வயதுப் பெண்ணின் காதில் விழும்படி, "காலடி எடுத்து வைக்கும் முன்பே இப்படியா?" என்று சொன்னவர்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லையாம், அதைக் கேட்டு நொந்துபோன அவளுடைய அத்தை நான்தான் பெரிதுபடுத்திவிட்டேனாம்.

அர்ச்சனைக்கு நாம் கொடுக்கும் தேங்காய் நம்மைப் பற்றியது. எதிரில் நிற்பவரின் ராசியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. உயிரைக் கட்டும் மூன்று மலங்களில் மேல்மட்டை மாயை, நார் கன்மம் என்னும் வினை, ஓடு ஆணவம் என்று சைவப் பெரியவர்கள் விளக்கக் கேட்டே நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். அந்த ஓடு உடைந்தால்தான் உள்ளிருக்கும் வெண்மை வெளிப்படும் என்பது விளக்கம். அந்த ஓடு யாருடையது? காயைக் கொண்டுவந்தவருடையது. பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடுகிறவர் ஒரு சில்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. பொறுக்குகிற பிள்ளைகளுக்கே எல்லாம். சபரிமலைக்குப் போகிறவர் காயின் நீரை வடித்துவிட்டுக் கண் வழியாக நெய் நிரப்பிக் கொண்டுபோகிறார். நெய் ஜீவன், காய் உடல் என்பார்கள். நெய் அபிஷேகத்துக்குப் போகிறது, ஓடு ஆழி என்னும் தீக்குண்டத்தில் எரிகிறது. கரூர் மாவட்டம் மேட்டு மகாதானபுரத்தில் ஆடிப்பெருக்கை ஒட்டித் தலையில் தேங்காய் உடைக்கிறார்களே, அதைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு பதறும், அதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அங்கேகூடக் காய் உடைவது நேர்ந்துகொண்டவரின் சொந்தத் தலையில்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று பழமொழி சொல்வோம். வெள்ளிக்கிழமை இவர்கள் அடுத்த வீட்டுப் பெண்ணின் மனத்தையே எடுத்து உடைத்துவிட்டார்கள்.

"அப்படியானால் சகுனமே இல்லையா? முன்னோர்கள் முட்டாள்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அதே முன்னோர்தான் குடுமியோடு காய் கொடுக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். குடுமி இருந்தால் மூன்று கண்களும் மூடியிருக்கும். அந்த மூன்றில் ஒன்று மென்மையானது. முளை வருவதும் அதன் வழியாகத்தான், குடுமியைப் பிய்த்துவிட்டால் பூசணம் உள்ளே போவதும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான். மூட்டையைத் தூக்கிப் போடும்போது ஓட்டில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் போதும், சில நாளில் உள்ளே கெட்டுவிடும். தேங்காயில் பூ விழுந்தால் நல்ல சகுனம் என்று மகிழ்கிறோம். அது முளைவிடத் தொடங்கிய முற்றிய காய். மகிழுங்கள், நானும் மகிழ்வேன். ஆனால் பூ விழுந்தால் எங்கள் குடும்ப பாக்கியம், அழுகினால் வரப்போகும் மருமகளின் தோஷம் என்று கணக்கு எழுதுவது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

தேங்காயே உடைக்காதீர்கள், உணவு வீணாகிறது என்று எழுதிய நண்பர்களுக்கு: எங்கள் வீட்டில் அர்ச்சனை மூடி மறுநாள் துவையலாகிவிடும். உங்களோடு வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் அம்மா கோயிலுக்குக் கொண்டுபோன காய் அழுகியிருந்தது. பதினோராம் நாள் அப்பா போய்விட்டார். காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர், "அன்றைக்கே காய் சொல்லிவிட்டதே, பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதன்பிறகு அம்மா தன் கையால் தேங்காய் வாங்கியதே இல்லை. கடையில் ஒரு காயை எடுப்பார், காதருகே வைத்துக் குலுக்குவார், விரலால் சுண்டிப் பார்ப்பார், பிறகு மெல்ல வைத்துவிட்டு, "நீயே எடும்மா" என்பார். அத்தனை ஆண்டுகளும் ஒரு தேங்காய்க்காக என் தாய் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டே வாழ்ந்தார். அவருக்கு அந்தத் தண்டனையைக் கொடுத்தது கடவுளா? சாமி சந்நிதியில் நின்றுகொண்டு மனிதர்கள் பேசிய பேச்சு அது.

வெள்ளிக்கிழமை சரியாக நடந்துகொண்டவர் குருக்கள் ஒருவர்தான். காயை உடைத்ததும் பழுப்புத் தண்ணீர் கல்லில் வழிந்தது, புளித்த வாடை அடித்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டு மூடிகளையும் ஓரமாக வைத்தார், கையைக் கழுவினார், "வேறு காய் கொடுங்கோ" என்றார். இரண்டாவது காய் கோடு போட்டதுபோல் சரிபாதியாகப் பிளந்தது, பருப்பு பால்வெள்ளை. முதல் காய்க்கு அவ்வளவு பேசிய வாய்களில் ஒன்றுகூட இரண்டாவது காயைப் பற்றிப் பேசவில்லை. சகுனம் என்றால் அதுவும் சகுனம்தானே? அவள் வரும் நேரம் நல்ல நேரம் என்று சொல்ல ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே!

"சம்பந்தம் கூடும் நேரத்தில் இதை எழுதலாமா, பெண்ணின் வாழ்க்கை அல்லவா?" என்று என் அண்ணனே தொலைபேசியில் கேட்டார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. இருந்தும் பதிவை நீக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெண்ணைப் பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

அன்று வீடு திரும்பும்போது காரில் அவள் வெகுநேரம் பேசவேயில்லை. பிறகு, "அத்தை, அந்தக் காயை எடுத்தது நான்தானே?" என்று கேட்டாள். அம்மாவின் குரல் அப்படியே என் காதில் ஒலித்தது. நாளை மறுபடியும் வெள்ளிக்கிழமை. அவளைக் கடைக்கு அழைத்துப் போகிறேன். அவளே குலுக்கிப் பார்க்கட்டும், அவளே சுண்டிப் பார்க்கட்டும், அவள் எடுக்கும் காயைத்தான் சந்நிதிக்குக் கொண்டுபோவோம்.