ஒரே வரியில் 'பஃபர் ஓவர்ஃப்ளோ'

பெங்களூர் அல்சூர் வீட்டில் அம்மாவுக்காக ராத்திரி சீரியலைக் கம்ப்யூட்டரில் ரெக்கார்டு பண்ணி வைக்கிறேன். காலையில் போட்டால் முதல் காட்சியே கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். "நேத்து என்னடா ஆச்சு கதையில?" என்று கேட்கிற அம்மாவுக்கு என்ன சொல்ல?

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்தால் 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று ஒரே வரி. டிஸ்க்கில் எழுதும்வரை வீடியோவைத் தேக்கிவைக்கும் இடம்தான் பஃபர்; அது நிரம்பி வழிந்துவிட்டதாம். ஏன் நிரம்பியது, எது தாமதித்தது, ஒரு தகவலும் கிடையாது.

எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டால் "ராம் போடுங்க சார்" என்கிறார்கள். ராம் என்கிற மெமரியைக் கூட்டி என்னங்க செய்ய? வீடியோ வருவதே நொடிக்கு 6 மெகாபிட், அதாவது முக்கால் மெகாபைட். எந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதைப் போலப் பல மடங்கு எழுதும். சும்மா இருக்கும்போது டிஸ்க் சுழற்சியை நிறுத்திவிடுகிறது, அதுதான் வினை. ரெக்கார்டிங் தொடங்கியதும் 'கிர்ர்' என்று எழுந்து வேகம் பிடிக்கப் பல நொடி ஆகிறது. சாஃப்ட்வேர் ஒதுக்கிய 4 மெகாபைட் பஃபரோ ஐந்தாறு நொடியில் வழிந்துவிடும். போதாததற்கு, வளர்ந்துகொண்டே போகும் ஃபைலை ஆன்டிவைரஸ் வேறு நோண்டும்.

64 மெகாபைட் ஒதுக்கினால் குடியா முழுகிவிடும்? 'டிஸ்க் இத்தனை நொடி பதில் தரவில்லை' என்று லாக்கில் எழுத அவ்வளவு கஷ்டமா?