ஹேக்கர்கள் போனால் பிவிபி பிழைத்துவிடுமா?

ஆன்லைன் கேம்களில் வீரர்கள் நேருக்கு நேர் மோதும் பிவிபி மோடு காலியாவதற்கு ஹேக்கர்கள், அதாவது ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடுபவர்கள் மட்டுமே காரணம் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. ஹேக்கர்கள் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 600 பேர் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 மோடு, 5 சர்வர், 8 ரேங்க் என்று பிரித்தால் வரிசைக்கு 5 பேர். ஐவருக்கு ஐவர் மேட்ச்சுக்கு 10 பேர் வேண்டுமே! அப்புறம் ரேங்க் வரம்பைத் தளர்த்துவார்கள். நேற்று வந்தவர், பழம் தின்று கொட்டை போட்டவரிடம் சிக்குவார். நாலு தோல்வி, அன்இன்ஸ்டால். வரிசை இன்னும் சுருங்கும்.

1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் என்ற கேம், 2000-இல் சம்மதமில்லாமல் தாக்க முடியாத தனி உலகத்தையே திறந்தது. பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். அவர்களை விரட்டியது ஹேக்கர் இல்லை. விதிப்படியே கொன்று பொருளைப் பறித்த சக வீரர்கள்.