‘இன்னர் ரேஸைக் கழற்றவும்’. அவ்வளவுதானாம்!

“ஹப்பிலிருந்து இன்னர் ரேஸைக் கழற்றவும்.” காரின் சர்வீஸ் மேனுவலில் இருப்பது இந்த ஒரே வரி. ஹப் என்பது சக்கரம் மாட்டும் நடுப்பாகம், இன்னர் ரேஸ் என்பது பேரிங்கின் உள்வளையம். அடுத்த வரியிலேயே புதுப் பேரிங்கைப் பொருத்தச் சொல்கிறார்கள். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் என் ஞாயிற்றுக்கிழமை செத்துக் கிடக்கிறது.

முன்சக்கரப் பேரிங் ஊளையிட்டது. மாற்ற உட்கார்ந்தேன். ஆக்ஸில் நட், டிரைவ் ஷாஃப்ட், பேரிங்கைத் தாங்கும் நக்கிள் எல்லாம் பசு மாதிரி கழன்று வந்தன. நக்கிளைப் பிரஸ்ஸில் வைத்து ஹப்பைத் தள்ளினேன். டமார்! ஹப் வெளியே வந்தது. தனியாகவா வந்தது? வெளிவளையம் நக்கிளிலேயே தங்கிவிட்டது, குண்டுகள் தரையெங்கும் ஓடின, உள்வளையத்தில் பாதி மட்டும் ஹப்பின் கழுத்தில் அட்டிகை மாதிரி.

உங்களுக்கும் இதேதான் நடந்திருக்கும், தெரியும். இரட்டை வரிசைப் பேரிங்கில் உள்வளையம் இரண்டு துண்டு. ஹப்பை உருவினால் வெளிப்பக்கத்துத் துண்டு அதோடு போய்விடும். வடிவமைத்த மகானுக்கும் இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும், வளையத்தைக் கவ்வி இழுக்கும் புல்லரின் கால் நுழைய ஒரு நகக்கண் அளவாவது சந்து விட்டாரா? ஹப்பின் தோளோடு அப்பி வைத்திருக்கிறார்.

சரி, புல்லர் வைத்தேன். நழுவியது. துடைத்துவிட்டு வைத்தேன். நழுவியது. இடுக்கில் நுழைந்து பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் கூர்முனையைத் திணித்து நட்டை முறுக்கினேன். ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம், அசைந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். அசைந்தது ஸ்ப்ளிட்டர்.

அப்புறம் சூடு. 40 மில்லிமீட்டர் எஃகு வளையத்தை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது விரிவது 0.05 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தப் பிச்சையையும் சட்டென்று வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பொறுமையாக, அக்கறையாக, பத்து நிமிடம் டார்ச் காட்டினேன். ஹப்பும் கூடவே சூடாகி, கூடவே விரிந்தது. இரண்டும் கட்டிப்பிடித்துக் குளிர்காய்ந்தன.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து நின்றார். இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் வராமல் இருப்பாரா? “சுத்தி ஒரு வெல்டிங் ஓட்டு தம்பி, ஆறினதும் சுருங்கித் தானா வந்துடும்.” ஐயா, அது வெளிக்கூட்டுக்குள் மாட்டிய அவுட்டர் ரேஸுக்கு, அதாவது வெளிவளையத்துக்குச் செய்வது. அது சுருங்கினால் கழன்று விழும். இது ஹப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, சுருங்கினால் கழுத்தை இன்னும் நெரிக்கும். சொன்னேன். “எதுக்கும் ஓட்டிப் பாரேன்” என்றார்.

கடைசியில் கிரைண்டர்தான். பேரிங் எஃகின் கடினம் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி. அரம் வழுக்கும், உளியின் மூக்குதான் மழுங்கும். ஆனால் அத்தனை இறுக்கமான சாமானுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, விரிசல்தான் விடும். சாய்வாக வெட்டினேன், ஹப்பைத் தொட ஒரு மயிரிழை இருக்கும்போது நிறுத்தினேன். (தொட்டுவிட்டேன். லேசாகத்தான். எமரித் தாள் போட்டுத் தேய்த்தாயிற்று, யாரிடமும் சொல்ல வேண்டாம்.) வெட்டுக்குள் உளியை வைத்து ஒரே போடு. ‘டிங்!’ அந்தச் சத்தத்துக்காக என் சொத்தையே எழுதி வைக்கலாம். காலையிலிருந்து மலையாக நின்றது, விரலால் தள்ளியதும் வழுக்கி வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் சாஸ்திரப்படி. வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுத்துப் புதுப் பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கினேன். பேரிங் நகராமல் பிடிக்கும் சர்க்லிப் போட்டேன். குண்டுகளின் மேல் பாரம் விழக்கூடாது என்று உள்வளையத்துக்கு முட்டுக் கொடுத்து ஹப்பை ஏற்றினேன். சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது.

கையைத் துடைத்தபடி நிமிர்ந்தால், பெஞ்சின் மேல் டஸ்ட் ஷீல்டு.

ஹப்பை ஏற்றும் முன்பே நக்கிளில் மாட்டியிருக்க வேண்டிய தகடு. இனி மாட்ட வேண்டுமானால் ஹப்பை மறுபடி உருவ வேண்டும். உருவினால் உள்வளையம் யாரோடு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வீட்டில் ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள், எதுவும் கேட்காமல் மூடிக்கொண்டார்கள்.